அரண்மனை வாசலும் ஆலை வாசலும்

சேலம் அரசு மருத்துவமனையின் வாசல். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு காலைப் பொழுது. நம்முடன் ஒரு தாய். அந்தத் தாயின் தோளைப் பற்றியபடி பதினாறு வயது மகள். அந்தப் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் கற்பித்த ஆசிரியர் நாம். முதல் வரிசையில் அமர்ந்து, கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு, நம்மையும் இரவில் புத்தகம் புரட்ட வைத்த மாணவி அவள். தேர்வு முடிந்த மறுவாரமே ஊருக்குள் தரகர் வந்தார். நூற்பாலையில் வேலை, ஆலைக்குள்ளேயே தங்குமிடம், மூன்றாண்டு முடிந்தால் மொத்தமாக ஒரு தொகை, திருமணத்திற்கு ஆகும் என்றார். பெட்டி கட்டப்பட்டது, பெண் போய்விட்டாள். பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது அவளிடம் மிஞ்சியிருந்தது விடாத இருமல் ஒன்றுதான். மொத்தத் தொகை? இடையில் நின்றவளுக்கு அது இல்லை என்று ஆலை கைவிரித்துவிட்டது.

சீட்டு வாங்கும் வரிசையில் நின்றபோது பெயர்ப்பலகையை வாய்விட்டுப் படித்தாள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி.

"யாருங்க சார் இந்த மோகன் குமாரமங்கலம்?"

பழைய வழக்கம் அவளை விடவில்லை, நம்மையும் விடவில்லை. சொன்னோம். நமது திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் வந்தவர், வழக்கறிஞர், 1970-இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு மறு ஆண்டு, மத்தியில் உருக்கு, சுரங்கத் துறை அமைச்சரானவர், 1973-இல் விமான விபத்தில் மாண்டவர் என்றோம். கேட்டுக்கொண்டே இருந்தவள் சொன்னாள்:

"பெரிய இடத்துப் பிள்ளை, மந்திரி ஆயிட்டார். எங்களுக்காகக் கேட்கறதுக்கு யாருங்க சார் இருக்காங்க?"

பதில் சொல்ல நா எழவில்லை. வரலாறு நடத்தும் ஆசிரியர், வாயடைத்து நின்றோம். திரும்பும் பேருந்தில், சங்ககிரி மலை கண்ணில் பட்டு மறைந்த பிறகுதான் நினைவு வந்தது: அந்தப் பெயர்ப்பலகைக்கு உரியவருக்கு ஒரு தங்கை இருந்தார். அதே அரண்மனையில் வளர்ந்தவர். ஆலைத் தொழிலாளிக்காக ஆலை வாசலில் நின்று கேட்டவர். பிறகு அதே கேள்வியை நாடாளுமன்றத்திற்குள் கொண்டுபோய்க் கேட்டவர். பார்வதி கிருஷ்ணன் என்பது அவர் பெயர். பாட்டனார், தந்தை, தமையன் என்று நீளும் குலமுறை கிளத்தலில் நமது மக்கள் பலருக்கு அவர் பெயர் தெரியவில்லை. நம் மாணவிக்குத் தெரியவில்லை என்றால் குற்றம் அவளுடையதா? சொல்லிக் கொடுக்காத நம்முடையதல்லவா? அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

தோழர்களே! பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் ஒருவரைப் பற்றிப் பேச வாயெடுத்தால் முதற்கேள்வி என்ன? "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" தாழப் பிறந்தவனைத் தாழ்த்தும் மூடத்தனத்தை எதிர்க்கிற நாம், உயரப் பிறந்தவர் செய்ததையெல்லாம் பிறப்பின் கணக்கில் வரவு வைப்பது பகுத்தறிவாகுமா? பிறவி எவரும் கேட்டுப் பெற்றதன்று. நடந்த வழியோ அவரவர் தேர்ந்துகொண்டது. கணக்கெடுப்பதாயின் நடந்த வழியைக் கணக்கெடுப்போம்.

எங்கிருந்து தொடங்கினார் என்பதை முதலில் காண்போம்.

தந்தை டாக்டர் ப. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். அவரது அமைச்சரவையில் இருந்த முத்தையா முதலியார்தான் 1928-இல் வகுப்புரிமை ஆணைக்கு உயிர் கொடுத்தவர். இன்று நம்மில் எத்தனையோ பேர் கல்லூரிப் படிகளை மிதித்ததற்கு அந்த ஆணை இட்ட கால்கோள் ஒரு காரணம். அதனை நன்றியுடன் நினைக்கிறோம். அதே சுப்பராயன் 1937-இல் ஆச்சாரியார் அமைச்சரவையில் கல்வி அமைச்சர். 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதும் நடராசனும் தாளமுத்துவும் சிறை கண்டு உயிர் துறந்ததும் அந்த அமைச்சரவையின் காலத்தில். அதனையும் மறப்பதற்கில்லை. பின்னர் 1955-இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணைக்குழுவில் உறுப்பினராக அமர்ந்த அதே மனிதர், பெரும்பான்மையோடு இணங்காமல் மறுப்புக் குறிப்பு எழுதியவர். மனிதர்கள் ஒரே வண்ணத்தில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர்.

தாய் இராதாபாய், மங்களூரைச் சேர்ந்தவர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதால் தம் சொந்தச் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்ட குத்மல் ரங்கராவின் மகள். பார்ப்பனக் குடும்பத்துப் பெண், கொங்கு வேளாளக் குடும்பத்து ஆணை மணந்தார். அதுவும் முதல் உலகப் போருக்கு முந்திய நாளில்! சாதி மாறி மணம் புரிந்தோரை இன்றுகூட வெட்டிச் சாய்க்கும் கொடுமை நடக்கிற நமது மேற்கு மாவட்டங்களில், நூறாண்டுக்கு முன் அது நடந்தது. 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்ற இரு பெண்மணிகளில் இராதாபாயும் ஒருவர். 1938-இல் மத்திய மேலவையில் இடம்பெற்ற முதற்பெண்மணியும் அவரே.

இந்த வீட்டின் கடைக்குட்டி பார்வதி. 1919 மார்ச் 15-இல் பிறந்தவர். தமையன்மாரில் ஒருவர் பின்னாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். மோகனோ கேம்பிரிட்ஜ் சென்று பொதுவுடைமைக்காரராகத் திரும்பினார். தங்கை ஆக்ஸ்போர்டுக்குச் சென்றார்; அவரும் பொதுவுடைமைக்காரராகவே திரும்பினார். ஐரோப்பா முழுவதும் பாசிச நெருப்புப் பற்றிக்கொண்டிருந்த முப்பதுகள் அவை. ஸ்பெயின் நாட்டுக் குடியரசைக் காக்க இங்கிலாந்தின் மாணவர்கள் துப்பாக்கி ஏந்திப் போன காலம். அந்தக் காற்றைச் சுவாசித்துத் திரும்பியவருக்கு அரண்மனை மூச்சு முட்டியதில் வியப்பில்லை. 1942-இல், தம்மைப் போலவே இயக்கத்திற்கு வாழ்வை ஒப்படைத்திருந்த என். கே. கிருஷ்ணனை மணந்தார். அதன் பின் அவர் வாழ்வு கோவைத் தொழிலாளரோடு பிணைந்தது.

கோவைக்கு ஏன் போக வேண்டும்? குமாரமங்கலத்தைச் சுற்றி உழைப்பவர் இல்லையா? இருந்தார்கள், ஆனால் ஏர் பிடித்தவரும் தறி நெய்தவரும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சிதறிக் கிடந்தனர். கோவையிலோ, 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்திறங்கியதும் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாய் உழவர் மக்கள் ஒரே கூரையின் கீழ் வந்து நின்றனர். சங்கு ஊதினால் ஒரே நேரத்தில் உள்ளே போயினர். சங்கு ஊதினால் ஒரே நேரத்தில் வெளியே வந்தனர். வெளியே வரும் அந்தக் கால் மணி நேரந்தான் தொழிற்சங்கத்தின் பள்ளிக்கூடம். வாசலில் ஒருவர் நின்று பேசுவார், துண்டறிக்கை கைமாறும், சந்தாப் பணம் முடிச்சிலிருந்து அவிழும். "உன் முறையில் எத்தனை மணி நேரம்? என் முறையில் இத்தனை" என்று ஒருவர் துயரத்தை மற்றவர் துயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற இடமும் அதுதான். "என் தலைவிதி" என்று நினைத்திருந்தவன், "இது எல்லார்க்கும் நடக்கிறது, யாரோ நடத்துகிறார்கள்" என்று கண்டுகொள்கிற இடம் அது. விதியை வீழ்த்த நாம் நூறு கூட்டம் போடுகிறோம். ஆலை வாசல் அதனை நாள்தோறும் செய்தது.

அந்த வாசல் சும்மா கிடைத்ததன்று. கோவையை அடுத்த சின்னியம்பாளையத்தில் ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமையை ஒட்டி எழுந்த மோதலின் முடிவில், இராமையன், வெங்கடாசலம், சின்னையன், இரங்கண்ணன் என்ற நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 சனவரி 8-இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டும் சில மாதங்களுமே எஞ்சியிருந்தன. விடுதலைக்குப் பிறகும் பொதுவுடைமைக்காரர்களுக்குச் சிறைக்கதவு திறந்தே இருந்தது. நமது சேலம் சிறையிலேயே 1950 பிப்ரவரி 11-இல் துப்பாக்கிச் சூடு நடந்து, 22 பொதுவுடைமைக் கைதிகள் செத்து விழுந்தனர். 1947-48-இல் மாகாணத்தின் உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? பார்வதியின் தந்தை சுப்பராயன். காவல்துறை தந்தையின் கையில். அந்தக் காவல்துறை கண்வைத்திருந்த கட்சியில் மகனும் மகளும். விருந்துக்கு அழைக்கும் வீட்டை விட்டு, விரட்டப்படும் கூட்டத்தோடு நிற்பதைத் தேர்ந்துகொண்டார் பார்வதி. கோவை ஆலைத் தொழிலாளரிடையிலும் மலைத்தோட்டத் தொழிலாளரிடையிலும் அவருடைய பணி தொடர்ந்தது.

தொழிலாளர் தலைவர் சட்டமன்றம் ஏறுவது உலகில் புதிதன்று. ஸ்காட்லாந்தில் கெயிர் ஹார்டி என்றொருவர். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சங்கம் அமைத்ததற்காகச் சுரங்க முதலாளிகளால் வேலை மறுக்கப்பட்டவர். 1892-இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, பட்டுத் தொப்பி அணிந்த கனவான்களுக்கு நடுவே உழைப்பாளியின் சாதாரணத் தொப்பியோடு நுழைந்து அவையைத் திடுக்கிட வைத்தவர். ஹார்டி கீழிருந்து மேலே ஏறினார். அவர் பட்டதைப் பேசினாலே போதுமாயிருந்தது. பார்வதியின் நிலை வேறு. மேலே பிறந்தவர் அவர். கீழே இறங்கி, கேட்டு, கற்று, பிறகுதான் பேச உரிமை பெற வேண்டியிருந்தது. ஏறுவதைவிட இறங்குவது எளிதென்று எண்ணாதீர்கள். ஏறுகிறவனைக் கைதட்டி வரவேற்பார்கள். இறங்குகிறவரை இரு பக்கத்தாரும் ஐயுறுவார்கள். "நமது வர்க்கத்தைக் காட்டிக்கொடுத்தவள்" என்று மேலே இருப்பவர் நினைப்பர். "சீமான் வீட்டுப் பெண்ணுக்கு இது பொழுதுபோக்கு" என்று கீழே இருப்பவர் நினைப்பர். இந்த இரண்டு ஐயத்தையும் நீக்க மருந்து ஒன்றே: நாள் தவறாமல் போய் நிற்பது. நின்றார். அதனால்தான் நம்பினார்கள்.

1954-இல் பார்வதி கிருஷ்ணன் மாநிலங்களவை உறுப்பினரானார். 1957-இல் கோவை மக்கள் அவரை மக்களவைக்கே அனுப்பினர். அந்த இரண்டாவது மக்களவையை நமது சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் தனியே நினைவிற்கொள்ள வேண்டும். நமது இயக்கம் முதன்முதலாகத் தேர்தல் களம் புகுந்த ஆண்டு அது. அப்போது டில்லிக்குச் சென்ற இருவரில் ஈ.வெ.கி. சம்பத் நாமக்கல் தொகுதியிலிருந்து சென்றவர். மற்றவர் திருவண்ணாமலை இரா. தருமலிங்கம். திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரசின் சார்பில் டாக்டர் சுப்பராயன். கோவையிலிருந்து பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் அவர் மகள். ஒரே அவையில் தந்தை ஆளுங்கட்சி வரிசையில்; மகள் எதிர்க்கட்சி வரிசையில்.

1959-இல் தந்தை போக்குவரத்து, செய்தித் தொடர்பு அமைச்சரானார். 1960 சூலை 11 நள்ளிரவில் மத்திய அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தம் வெடித்தது. ஐந்து நாள் நீடித்தது. தபால் தந்தி ஊழியர்கள் அதில் முன்னணியில் நின்றனர். தபால் தந்தித் துறை எவர் பொறுப்பில்? சுப்பராயன் பொறுப்பில். வேலைநிறுத்தத்தைச் சட்டவிரோதமென அறிவிக்க அவசரச் சட்டம் பிறப்பித்தது அவர் அங்கம் வகித்த அரசு. ஊழியர் பக்கம் நின்றது மகள் அங்கம் வகித்த கட்சி. குருதி உறவு ஒரு பக்கம் இழுக்க, கொள்கை மறுபக்கம் இழுக்கும்போது என்ன செய்வது என்று நம் இளைஞர்கள் பலர் வீட்டில் திண்டாடுகிறார்கள். சடங்கு மறுத்துத் திருமணம் செய்ய விரும்புகிறவன் தாயின் கண்ணீருக்கு முன் தளர்கிறான். அவனுக்குச் சொல்வோம்: தந்தையை வெறுக்காமலே தந்தையின் அரசியலை மறுக்கலாம். நாட்டின் மிக உயர்ந்த அவையிலேயே அது நடந்திருக்கிறது.

நாடாளுமன்றத்தில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் என்ன சாதிக்க முடியும்? அரசு அமைக்கும் பெரும்பான்மை அவரிடம் இல்லை. ஆயினும் அந்த அவையின் காலத்தில், 1961-இல், மகப்பேறு நலச் சட்டம் நிறைவேறியது. கருவுற்ற பெண் தொழிலாளிக்குக் கூலியோடு 12 வார விடுப்பு நாடெங்கும் உரிமையாயிற்று. சென்னை மாகாணத்தில் 1934 முதலே அப்படியொரு சட்டம் இருந்தது உண்மை. மாகாணத்திற்கு மாகாணம் மாறிக் கிடந்ததை இந்தச் சட்டம் ஓர் ஒழுங்கிற்குக் கொண்டுவந்தது. 2017-இல் அந்த விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. இவற்றையெல்லாம் தனியொருவர் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வீரவழிபாடு. சொல்வது இதுதான்: ஆலை வாசலில் பெண்களிடம் கேட்டறிந்த ஒருவர் அந்த அவையில் அமர்ந்திருந்தார். கேட்டறியாதவர்கள் மட்டும் அமர்ந்திருக்கும் அவை எத்தகைய சட்டம் செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

அரசியல் ஏற்றமும் இறக்கமும் உடையது. 1962-இல் கோவைத் தொகுதி காங்கிரசின் பக்கம் போயிற்று. வென்றவர் தொழிலதிபர் பி. ஆர். இராமகிருஷ்ணன். பொதுவுடைமைக் கட்சி 1964-இல் இரண்டாகப் பிளந்தது. 1967-இல் மார்க்சியக் கட்சியின் தொழிற்சங்கத் தலைவர் கே. இரமணியும், 1971-இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் கே. பாலதண்டாயுதமும் கோவையில் வென்றனர். பன்னிரண்டு ஆண்டுகள் மக்களவைக்கு வெளியே இருந்தார் பார்வதி. பதவி போனதும் காணாமற்போகும் தலைவர்களை நாம் அறிவோம். அவரோ கோவையை விட்டுப் போகவில்லை.

1973 மே 31. சென்னையிலிருந்து சென்ற விமானம் டில்லியில் தரையிறங்கும் முன் நொறுங்கி விழுந்தது. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். மாண்டவருள் ஒருவர் அமைச்சர் மோகன் குமாரமங்கலம். மற்றொருவர் கோவை உறுப்பினர் பாலதண்டாயுதம். ஒரே நாளில், ஒரே விபத்தில், உடன்பிறந்தவரையும் உடனுழைத்த தோழரையும் இழந்தார் பார்வதி. நம் ஊரில் இதற்கு என்னென்ன விளக்கம் சொல்லியிருப்பார்கள்! கிரகம், சாபம், பாவம் என்று எத்தனை கதை கட்டியிருப்பார்கள்! 1974-இல் நடந்த இடைத்தேர்தலில், தோழர் விட்டுப்போன அந்த இடத்திற்குப் பார்வதியே நின்றார், வென்றார், மீண்டும் அவைக்குள் நுழைந்தார். ஐம்பத்தைந்து வயதை எட்டும் நேரத்தில், துயரத்தைச் சுமந்துகொண்டே விட்ட வேலையைத் தொட்டார். 1976-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியச் சட்டம் நிறைவேறியபோதும் அவர் உறுப்பினர். 1977-இல் மீண்டும் கோவை அவரைத் தேர்ந்தெடுத்தது.

புகழ்ச்சி மட்டும் பாடினால் அது புராணம். பகுத்தறிவாளர் புராணம் எழுதுவதில்லை. 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது அவரது கட்சி அதனை ஆதரித்தது. 1976 சனவரி 31-இல் தமிழகத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த கழக அரசு கலைக்கப்பட்டது. நம் தோழர்கள் மிசாக் கைதிகளாகச் சென்னைச் சிறையில் அடிபட்டனர். சிட்டிபாபு அந்தச் சிறைக் கொடுமையின் விளைவாக உயிர் நீத்தார். வேலைநிறுத்த உரிமையும் பேச்சுரிமையும் பறிக்கப்பட்ட அந்த நாட்களில், வேலைநிறுத்தத்தால் வளர்ந்த கட்சி ஆட்சியாளருக்குத் தோள் கொடுத்தது பெரும் பிழை. அக்கட்சியின் முன்னணியில் இருந்தவர் என்ற முறையில் அப்பிழையில் அவருக்கும் பங்குண்டு. அது பிழையே என்று 1978-இல் அக்கட்சி தன் மாநாட்டில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதைப் பாராட்டுவோம், நடந்ததை மறவோம். மன்றத்தின் நாற்காலி எவரையும் வாசலின் குரல் கேளாத தொலைவுக்கு இழுத்துச் செல்லக்கூடும் என்பதற்கு அது எச்சரிக்கை. இந்த எச்சரிக்கை அவர்களுக்கு மட்டுமா? ஆட்சிக் கட்டிலில் பலமுறை அமர்ந்த நமது இயக்கத்தாருக்கும் உரியதே.

2014 பிப்ரவரி 20-இல், தொண்ணூற்று நான்காம் வயதில், கோவையில் பார்வதி கிருஷ்ணன் மறைந்தார். அரண்மனையில் வளர்ந்தவருக்குச் சொந்த ஊராகிப் போனது, அவர் நின்ற ஆலை வாசல்களின் ஊர்.

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். "எங்களுக்காகக் கேட்கறதுக்கு யாருங்க சார் இருக்காங்க?"

மகப்பேறுச் சட்டமும் சம ஊதியச் சட்டமும் வந்தன. 2019, 2020 ஆண்டுகளில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அவை மடக்கி வைக்கப்பட்டன. சட்டத்திற்குப் பஞ்சமில்லை. பின் ஏன் அவள் கேட்பாரற்று நின்றாள்? அவளிடமே கேட்டோம். "வெளியே வரும்போது யாரிடமாவது சொல்லக் கூடாதா?" அவள் சிரித்தாள். "வெளியே எங்கேங்க சார் வந்தோம்? ரூமும் உள்ளே, மில்லும் உள்ளே. வீட்டுக்குப் பேசினாலும் பக்கத்துல வார்டன் நிப்பாங்க."

தோழர்களே, அந்தச் சொல்லில் நாம் விழித்துக்கொண்டோம். பார்வதி கிருஷ்ணன் காலத்துச் சங்கம், சங்கு ஊதியதும் திறக்கும் வாசலை நம்பி வளர்ந்தது. இன்றைய முதலாளி அந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகப் படித்திருக்கிறார். தொழிலாளி வெளியே வருவதால் அல்லவா பேச்சு எழுகிறது? வெளியே வராமலே செய்துவிட்டால்? பருத்தித் தூசுக்கு நடுவே நிற்கும் பெண், பணி முடிந்ததும் பத்தடி நடந்து படுக்கைக்குப் போகிறாள். சங்கம் நிற்க வாசலே இல்லை. திருமணத்திற்கான தொகை என்று பெயர் சூட்டி, கூலியின் ஒரு பகுதியை மூன்றாண்டு பிடித்து வைக்கிறார்கள். வரதட்சணை என்ற நமது சமூக நோய், ஆலை முதலாளிக்கு முன்பணம் கேளாத கொத்தடிமையை அனுப்பி வைக்கிறது! பெண்ணின் திருமணம் பெற்றோரின் கழுத்தில் தொங்கும் கல்லாக இருக்கும் வரை தரகர் வந்துகொண்டுதான் இருப்பார்.

அவள் புறப்படும் முன் நாம் வீடு தேடிப் போனதையும் சொல்லிவிட வேண்டும். தகப்பனார் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவர்; முன்பணம் வாங்கிய கடன் தலைக்கு மேல். திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மூணு வருசந்தானுங்க வாத்தியாரே. கண்ணை மூடித் தொறந்தா ஓடிப்போயிருமுங்க. பொண்ணு கலியாணத்துக்கு நீங்களா பணம் குடுப்பீங்க?" நாம் எழுந்து வந்துவிட்டோம். கையில் பட்டம் இருந்தது, சட்டம் தெரிந்திருந்தது, அதனைச் சொல்லி அவரோடு உட்கார்ந்து வாதாடும் பொறுமை இல்லை. ஒரு முறை போனோம். கடமை முடிந்தது என்றிருந்தோம். நாள் தவறாமல் போய் நிற்பவர்தாம் நம்பப்படுவர் என்ற பாடம் அன்று நமக்குத் தெரிந்திருக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்த வாரமே அந்த வீட்டிற்கு மீண்டும் போனோம். அடுத்த வாரமும் போனோம். மூன்றாம் முறை தகப்பனாரே, "என்ன செய்யலாமுங்க?" என்று கேட்டார். தொழிற்சங்கத் தோழர் ஒருவரைத் துணைக்கு அழைத்து, அவள் வேலை செய்த நாட்கள், கொடுத்த கூலி, பிடித்தம் ஆகியவற்றை அவள் நினைவிலிருந்தே ஒரு தாளில் எழுதினோம். எழுதியவள் அவளே. மனு கொடுத்தோம், விசாரணைக்கு அலைந்தோம். எட்டு மாதம் சென்றபின், கேட்டதில் பாதிக்குச் சற்றே மேலான தொகை வந்தது. வெற்றி என்று கூத்தாட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆலையிலிருந்து திரும்பிய வேறு இரு பெண்கள், "அந்தத் தாளை எப்படி எழுதுவது?" என்று அவள் வீட்டைத் தேடி வந்தனர். இருமல் தணிந்து, அவள் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறாள்.

அந்தப் பெண்கள் வந்த திண்ணைதான், தோழர்களே, இன்றைய ஆலை வாசல்! பூட்டிய கதவுக்கு வெளியே நிற்க இடமில்லை என்றால், அவர்கள் புறப்படும் ஊரிலும் திரும்பும் ஊரிலும் வாசலை அமைப்போம். படிப்பகம் நடத்தும் இளைஞர்கள், தரகர் வரும் மாதத்தை அறிந்து முன்னரே வீடு வீடாகப் போங்கள். போகும் பெண்ணின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, வேலை நாளையும் கூலியையும் அன்றன்று எழுதச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும்போது உட்கார வைத்துக் கேளுங்கள். சிறு வேலைதான். சந்தா வசூலிப்பதும் சிறு வேலையாகத்தான் இருந்தது. அதிலிருந்துதான் சங்கம் எழுந்தது.

சட்டம் மன்றத்தில் பிறக்கிறது. வாசலில்தான் அது பேசக் கற்கிறது. இரண்டிற்கும் இடையே நடப்பதற்கு ஆள் வேண்டும். குமாரமங்கலத்து அரண்மனையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து நடந்தார். அடுத்து நடக்க வேண்டியவர் அரண்மனையிலிருந்து வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தன் பதினான்கு மாத உழைப்பைத் தானே கணக்கெழுதிக் கேட்ட ஒருத்தி, இப்போது பள்ளிபாளையத்துத் திண்ணையில் மற்ற இருவருக்கு எழுதக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் வந்து கேட்டாள்: "சார், பார்லிமெண்டுக்குப் போக எத்தனை வயசு ஆகணுங்க?"

இருபத்தைந்து என்றோம்.

"இன்னும் எட்டு வருசம் இருக்குதுங்க" என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.